ஜோடி இல்லாத எண்

சி மொழியில் ஏபிஎஸ் என்று ஒரு செயற்கூறு உண்டு. மோட்டார் பைக்கின் பிரேக்கில் வரும் ஏபிஎஸ் வேறு. இது ஒரு எண்ணிலிருந்து மைனஸ் குறியை மட்டும் உதிர்த்துவிட்டு மிச்சத்தை நம் கையில் தருவது. 7-ஐக் கொடுத்தால் 7 வரும். மைனஸ் 7-ஐக் கொடுத்தாலும் 7 வரும். இதைவிடச் சுலபமான வேலையைக் கணினிக்குக் கொடுக்க முடியாது என்றுதான் தோன்றும்.

இன்றைய பெரும்பாலான கணினிகளில் சி மொழியின் ‘இன்ட்’ வகை 32 பிட் அகலம் கொண்டது. அதில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 வெவ்வேறு எண்களை எழுதலாம். அவற்றில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 எண்களுக்கு ஏபிஎஸ் சரியான விடை தரும். மிச்சமிருக்கும் ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் தராது. தரவும் முடியாது. நிரல் எழுதியவரின் கவனக்குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த எண்ணுக்குச் சரியான விடையை எழுத அந்த 32 பிட்டில் இடமே கிடையாது.

அந்த ஒற்றை எண்ணின் கதைதான் இந்த அத்தியாயம்.

இரண்டு கோடுகளுக்கு நடுவே

பள்ளிக்கூடத்தில் இதற்கு மட்டு மதிப்பு என்று பெயர். எண்ணின் இரு பக்கமும் இரண்டு செங்குத்துக் கோடுகள் போடுவோம். அந்தக் கோடுகளை 1841-இல் எழுதிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானியக் கணிதர் கார்ல் வயர்ஸ்ட்ராஸ். பொருள் எளிது: எண்கோட்டில் பூஜ்ஜியத்திலிருந்து அந்த எண் எத்தனை அடி தள்ளி நிற்கிறது? இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்காதே, தூரத்தை மட்டும் சொல்.

சி மொழியில் இதை நாமே எழுதினாலும் ஒரு வரிதான். மாறியின் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்வோம்:

எண் < 0 ? -எண் : எண்

எண் பூஜ்ஜியத்தைவிடச் சிறியதா? ஆம் என்றால் அதன் குறியை மாற்றிக் கொடு. இல்லை என்றால் அப்படியே கொடு. கணித ஆசிரியர் இதற்கு முழு மதிப்பெண் போடுவார். கணிதத்தில் எண்கோடு இரண்டு பக்கமும் முடிவில்லாமல் நீள்கிறது. இடப்பக்கம் நிற்கும் ஒவ்வொரு முழு எண்ணுக்கும் வலப்பக்கம் ஒரு ஜோடி உண்டு. கணினிக்குள் இருப்பதோ கோடு அல்ல, வட்டம். அது எப்படி வட்டமானது என்று தெரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பின்னால் சுற்றாத சக்கரம்

பழைய ஸ்கூட்டர்களில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து சின்னச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை. 99999 ஆனபின் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் எல்லாம் உருண்டு 00000 வந்துவிடும். இப்போது அந்த மீட்டரைக் கையால் ஒரு கிலோமீட்டர் பின்னால் சுற்றுவதாக வையுங்கள். 00000-க்கு முன்னால் என்ன வரும்? 99999. அந்த மீட்டருக்கு மைனஸ் 1 என்பதும் 99999 என்பதும் ஒன்றுதான்.

இந்த உண்மையை இயந்திரத்தில் வைத்து முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் பிரான்ஸின் பிளேஸ் பாஸ்கல். வரி அதிகாரியான தந்தையின் கணக்கு வேலையைக் குறைக்க, 1642-இல் தன் பத்தொன்பதாம் வயதில் கூட்டல் இயந்திரம் ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார். அதில் ‘கையில் ஒன்று’ அடுத்த இடத்துக்குத் தாவும் அமைப்பு, சக்கரங்களை ஒரு திசையில் மட்டுமே சுற்றவிட்டது. பின்னால் சுற்ற முடியாத சக்கரத்தை வைத்துக்கொண்டு கழிப்பது எப்படி? கழிக்கவேண்டிய எண்ணுக்குப் பதில் அதன் நிரப்பியைக் கூட்டினார். 52-இலிருந்து 17-ஐக் கழிக்கவேண்டுமா? 100-க்கு 17 எவ்வளவு குறைகிறது? 83. 52-உடன் 83-ஐக் கூட்டினால் 135. முன்னால் நிற்கும் 1-ஐ விட்டுவிட்டால் 35. விடை அதுதான். (பாஸ்கல் 100-க்குப் பதில் 99-ஐ வைத்துக் கணக்கிட்டார், அடிப்படை ஒன்றே.)

இரண்டு இடம் மட்டுமே உள்ள மீட்டரில் 83-தான் மைனஸ் 17. மைனஸ் குறி என்று தனியாக எதையும் எழுதவில்லை. முன்னால் 83 அடி நடந்தாலும் பின்னால் 17 அடி நடந்தாலும் வட்டத்தில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்.

மைனஸை எழுத மூன்று வழிகள்

மின்னணுக் கணினி வந்தபோது, மைனஸை எப்படிக் குறிப்பது என்ற கேள்வி மறுபடியும் எழுந்தது. கணினியிடம் இருப்பது 0, 1 என்ற இரண்டே அடையாளங்கள். மைனஸ் குறியையும் அவற்றைக் கொண்டே எழுதவேண்டும். மூன்று வழிகள் இருந்தன, மூன்றையும் மனிதர்கள் முயன்று பார்த்தார்கள்.

முதல் வழி, நாம் தாளில் எழுதுவதைப் போன்றது. இடது ஓரத்து பிட்டைக் குறிக்கென ஒதுக்கிவிடு: 0 என்றால் பிளஸ், 1 என்றால் மைனஸ். மிச்ச பிட்டுகளில் அளவை எழுது. 1950-களின் ஐபிஎம் 704 இப்படித்தான் எண்ணியது. இதில் மட்டு மதிப்பு காண்பது விளையாட்டு வேலை, ஓரத்து பிட்டை அழித்தால் போதும். ஆனால் கூட்டல் சிக்கலானது. இரு எண்களின் குறிகளைப் பார்த்து, கூட்டுவதா கழிப்பதா, எதிலிருந்து எதைக் கழிப்பது என்று மின்சுற்று ஒவ்வொரு முறையும் முடிவுசெய்ய வேண்டும்.

இரண்டாவது வழி, 1-இன் நிரப்பி. ஓர் எண்ணின் எல்லா பிட்டுகளையும் தலைகீழாக்கினால் அதன் மைனஸ். 1964-இல் வந்து அக்காலத்தின் அதிவேகக் கணினியாக விளங்கிய சிடிசி 6600 இந்தக் கட்சி. யுனிவாக் 1100 வரிசையும் அப்படியே.

இந்த இரண்டு வழியிலும் ஒரு விசித்திரம் உண்டு. பிளஸ் பூஜ்ஜியம், மைனஸ் பூஜ்ஜியம் என்று இரண்டு பூஜ்ஜியங்கள் வந்துவிடும். ‘விடை பூஜ்ஜியமா?’ என்று கேட்கும் இடமெல்லாம் இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, ஸ்கூட்டர் மீட்டரின் வழி. பூஜ்ஜியத்திலிருந்து ஒன்று பின்னால் சுற்றினால் வருவதுதான் மைனஸ் 1. எட்டு பிட்டில் அது 11111111. இதற்குப் பெயர் 2-இன் நிரப்பி. 1945-இல் எட்வாக் கணினிக்காக ஜான் வான் நியூமன் எழுதிய புகழ்பெற்ற வரைவறிக்கை இந்த முறையை முன்வைத்தது. 1949-இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் இதைக் கையாண்டது. 1964-இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை இந்த முறையில் கொண்டுவந்தபின் காற்று இந்தப் பக்கமே வீசியது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை வளர்த்தெடுத்த பிடிபி-11 கணினியும் இதே கட்சிதான். ஒரே கூட்டல் சுற்று, பிளஸ் மைனஸ் பேதம் பார்க்காமல் எல்லா எண்களையும் கூட்டிவிடும். பூஜ்ஜியமும் ஒன்றே.

இத்தனை வசதிக்கும் ஒரு விலை உண்டு. எட்டு பிட்டில் 256 வடிவங்கள். 256 இரட்டைப்படை எண். பூஜ்ஜியத்துக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டால் மிச்சம் 255, அது ஒற்றைப்படை. 255 பேரை ஜோடி ஜோடியாக நிற்கச் சொன்னால் ஒருவர் தனியாகத்தான் நிற்பார். ஆகவே இரண்டில் ஒன்றை ஏற்றே ஆகவேண்டும்: இரண்டாவது பூஜ்ஜியம், அல்லது ஜோடியில்லாத ஓர் எண். முதல் இரு முறைகளும் இரண்டாவது பூஜ்ஜியத்தை ஏற்றுக்கொண்டன. மூன்றாவது முறை ஜோடியில்லாத எண்ணை ஏற்றுக்கொண்டது. இரண்டிலிருந்தும் தப்பித்த முறை கிடையாது; எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்வரை அப்படி ஒன்று இருக்கவும் முடியாது.

கடிகாரத்தின் ஆறு மணி

2-இன் நிரப்பியில் குறியை மாற்றும் விதி இது: எல்லா பிட்டையும் தலைகீழாக்கு, பிறகு ஒன்றைக் கூட்டு. 5-ஐ எடுத்துக்கொள்வோம்.

5 → 00000101
தலைகீழ் → 11111010
ஒன்று கூட்டினால் → 11111011

இதுதான் மைனஸ் 5. இதே விதியை இதன்மீது மறுபடி போட்டால் 00000101 திரும்பி வரும். ஒரு பென்சில் எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இப்போது எட்டு பிட்டின் கடைசி மைனஸ் எண்ணான மைனஸ் 128.

-128 → 10000000
தலைகீழ் → 01111111
ஒன்று கூட்டினால் → 10000000

கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டோம். மைனஸ் 128-இன் மைனஸ், மைனஸ் 128. பிளஸ் 128 வரவேண்டிய இடம் அது, ஆனால் எட்டு பிட்டில் பிளஸ் பக்கம் 127-உடன் முடிந்துவிடுகிறது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 12-ஐப் பூஜ்ஜியம் என்று வையுங்கள். 1 மணிக்கு ஜோடி எதிர்ப்பக்கம் இருக்கும் 11. 2-க்கு 10. 3-க்கு 9. 4-க்கு 8. 5-க்கு 7. ஆறு மணிக்கு? பன்னிரண்டிலிருந்து முன்னால் ஆறு மணி நேரம் போனாலும் ஆறு, பின்னால் ஆறு மணி நேரம் போனாலும் ஆறு. அதற்கு அதுவே ஜோடி. எட்டு பிட் வட்டத்தில் பூஜ்ஜியத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த ஆறு மணிதான் 10000000. அதன் ஓரத்து பிட் 1 என்பதால் அதை மைனஸ் பக்கத்தில் சேர்த்துவிட்டோம்.

32 பிட் வட்டத்தின் ஆறு மணி, -2147483648. மைனஸ் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 648. பிளஸ் பக்கம் 2147483647-உடன் நின்றுவிடும். சி மொழியின் வரம்புகளைச் சொல்லும் தலைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால், இந்த எண்ணை அங்கே நேராக எழுதியிருக்க மாட்டார்கள். (-2147483647 - 1) என்று சுற்றி வளைத்து எழுதியிருப்பார்கள். காரணம், சி மொழியில் மைனஸ் குறி எண்ணின் பகுதி அல்ல, தனிக் கட்டளை. முதலில் 2147483648 என்று எழுதி அப்புறம் மைனஸ் போடவேண்டும். ஆனால் அந்த முதல் எண்ணே ‘இன்ட்’ வகைக்குள் அடங்காது. தன் பெயரைக்கூட நேராக எழுதிக்கொள்ள முடியாத எண் இது.

விதிப்புத்தகம் கைவிரித்த இடம்

ஏபிஎஸ்ஸிடம் இந்த எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும்? பெரும்பாலான கணினிகளில் அதே -2147483648 திரும்பி வரும். தூரத்தைக் கேட்டோம், மைனஸில் விடை வருகிறது. ஆனால் சி மொழியின் அதிகாரபூர்வ விதிப்புத்தகம் அந்த விடைக்குக்கூட உறுதி தரவில்லை. ‘விடை அடங்காவிட்டால் நடத்தை வரையறுக்கப்படாதது’ என்று கைவிரித்துவிடுகிறது.

1989-இல் அந்த விதிகள் முதல்முறை தரப்படுத்தப்பட்டபோது இதற்கு நியாயமான காரணம் இருந்தது. மேலே சொன்ன மூன்று கட்சிக் கணினிகளும் அன்று உலகில் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே விடையை விதிக்க முடியவில்லை. சி23 என்னும் புதிய தரம் மற்ற இரண்டு முறைகளையும் நீக்கி, 2-இன் நிரப்பி ஒன்றே செல்லும் என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் எண் வரம்பு மீறினால் என்ன ஆகும் என்பதை இன்னும் வரையறுக்கவில்லை. நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை எழுதுபவர்களுக்கு அந்த வெற்றிடம் பயன்படுவதே இதற்குக் காரணம்.

‘வரையறுக்கப்படாதது’ என்றால் வெறுமே தப்பான விடை வரும் என்று பொருள் அல்ல. கம்பைலர் அதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறது. ‘நல்ல நிரலில் வரம்பு மீறல் நடக்காது. ஆகவே ஏபிஎஸ்ஸின் விடை ஒருநாளும் மைனஸாக இருக்காது’ என்று அது தர்க்கம் செய்கிறது. நீங்கள் எச்சரிக்கையாக, ‘ஏபிஎஸ் தந்த விடை பூஜ்ஜியத்தைவிடச் சிறியதா? அப்படியானால் பிழை என்று சொல்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நடக்கவே நடக்காத விஷயத்துக்குச் சோதனை எதற்கு என்று கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடலாம். டிக்கெட் இல்லாமல் யாரும் பஸ்ஸில் ஏறமாட்டார்கள் என்று விதி இருக்கிறது. அதனால் செக்கிங் அதிகாரியே வேண்டாம் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதைப் போல. ஆகவே சோதனை செய்வதானால் எண் உள்ளே போவதற்கு முன் செய்யவேண்டும், வெளியே வந்தபின் அல்ல.

இந்த எண்ணின் குறும்பு ஏபிஎஸ்ஸோடு நிற்பதில்லை. இதை மைனஸ் 1-ஆல் வகுத்தாலும் வரவேண்டியது அந்த இல்லாத பிளஸ் 2147483648-தான். இன்டெல் வகைச் செயலிகளில் அந்த வகுத்தல் நிரலை நடுவழியில் நிறுத்திவிடும். ஏஆர்எம் வகைச் செயலிகள் சத்தம் போடாமல் அதே எண்ணைத் திருப்பித் தரும்.

உரத்த ஒலி காணாமல் போகும் இடம்

‘429 கோடியில் ஒன்று, அது எப்போது வரப்போகிறது?’ என்று கேட்கலாம். எண்கள் சமமாகச் சிதறி வந்தால் அந்தக் கேள்வி நியாயம். ஆனால் ஓரத்து எண்கள் அபூர்வமானவை அல்ல. பொருள்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இடமே ஓரம்தான்.

ஒலிப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியோ சிடியில் ஒலி, ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாகச் சேமிக்கப்படுகிறது: -32768 முதல் 32767 வரை. ஒலி அளவு மீறிப்போனால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, எண்கள் இந்த இரண்டு ஓரங்களிலும் போய் ஒட்டிக்கொள்ளும். பதிவில் மிக உரத்த இடம் எது என்று காட்டும் மானியை எழுதுகிறீர்கள். ஒவ்வொரு அளவின் மட்டு மதிப்பையும் எடுத்து, 16 பிட் மாறியிலேயே போட்டு, அதில் பெரியதைத் தேடுகிறீர்கள். ஏபிஎஸ் 32 பிட்டில் வேலை செய்வதால் 32768 என்று சரியாகவே சொல்லும். ஆனால் 16 பிட் மாறிக்குள் திரும்பிப் போடும்போது அது -32768 ஆகிவிடும். பெரியதைத் தேடும் ஓட்டத்தில் அது எல்லாவற்றிலும் சிறியதாகக் கடைசியில் நிற்கும். காதைக் கிழிக்கும் இடத்தை மானி மௌனம் என்று எண்ணிக் கடந்துவிடும்.

இன்னொரு பழக்கமான இடம், சொற்களைப் பெட்டிகளில் பிரித்துவைக்கும் ஹாஷ் அட்டவணை. சொல்லை ஒரு பெரிய எண்ணாக மாற்று, மட்டு மதிப்பு எடு, பெட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்த மீதியைப் பார். அதுதான் அந்தச் சொல்லின் பெட்டி. பத்துப் பெட்டி இருக்கும்போது -2147483648 வந்தால் மீதி மைனஸ் 8. மைனஸ் எட்டாவது பெட்டி என்று ஒன்று கிடையாது. சி மொழி அதைத் தடுக்காது. பெட்டிகளின் வரிசைக்கு வெளியே, வேறு யாருடைய நினைவகத்திலோ கைவைத்துவிடும். ஜாவா மொழியில் ‘பாலிஜீன்லூப்ரிகன்ட்ஸ்’ என்ற ஆங்கில எழுத்துக் கோவைக்குக் கிடைக்கும் ஹாஷ் எண் சரியாக -2147483648. இந்தக் குழியைக் காட்டவே நிரலாளர்கள் அந்த விநோதச் சொல்லைப் பல ஆண்டுகளாக உதாரணமாகச் சொல்லி வருகிறார்கள். வேண்டுமென்றே ஒருவர் அந்த எண்ணை உள்ளே அனுப்ப முடியும் என்பதற்கும் அதுவே சாட்சி.

கிளை இல்லாத பாதை

ஏபிஎஸ்ஸுக்கு இன்னொரு வரலாறும் உண்டு, அது வேகத்தின் வரலாறு. வீடியோவைச் சுருக்கும் நிரல், ஒரு காட்சியின் 16-க்கு 16 புள்ளிச் சதுரத்தை முந்தைய காட்சியின் பல சதுரங்களோடு ஒப்பிட்டு, எது நெருக்கம் என்று தேடும். ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும் 256 கழித்தல், 256 மட்டு மதிப்பு. ஒரு நிமிட வீடியோவுக்கு இது கோடிக்கணக்கில் போகும்.

நாம் எழுதிய ஒற்றை வரியில் ‘சிறியதா?’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. நவீனச் செயலி விடை வரும்வரை காத்திருக்காது. எந்தப் பக்கம் போகும் என்று ஊகித்து முன்னேறிவிடும். ஊகம் தப்பினால் செய்த வேலையைக் கொட்டிவிட்டுத் திரும்பவேண்டும். அதில் பத்திலிருந்து இருபது கடிகாரத் துடிப்புகள் வீணாகும். பிளஸும் மைனஸும் ஒழுங்கில்லாமல் கலந்து வந்தால் ஊகம் அடிக்கடி தப்பும்.

ஆகவே, கேள்வியே கேட்காமல் மட்டு மதிப்பைக் காணும் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். முதலில், எண்ணின் குறி பிட்டை வலப்பக்கம் 31 இடம் இழு. எண் பிளஸ் என்றால் எல்லா பிட்டும் 0 ஆகிவிடும். மைனஸ் என்றால் எல்லாம் 1. இதை முகமூடி என்பார்கள். பிறகு (^ என்பது இரண்டு பிட்டுகள் வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0 தரும் கட்டளை):

(எண் ^ முகமூடி) - முகமூடி

எண் பிளஸ் என்றால் முகமூடி வெறும் பூஜ்ஜியம், எதுவும் மாறாது. மைனஸ் என்றால், எல்லாம் 1 ஆன முகமூடி பிட்டுகளைத் தலைகீழாக்கும். அதே முகமூடியின் மதிப்பு மைனஸ் 1 என்பதால், அதைக் கழிப்பது ஒன்றைக் கூட்டுவதாகும். தலைகீழாக்கு, ஒன்றைக் கூட்டு என்ற பழைய விதி, கேள்வியில்லாமல் நடந்துவிடுகிறது. எட்டு பிட்டில் மைனஸ் 5 என்றால் 11111011, தலைகீழ் 00000100, ஒன்று கூட்டினால் 00000101. (மைனஸ் எண்ணை வலப்பக்கம் இழுத்தால் என்ன வரும் என்பதை விதிப்புத்தகம் அந்தந்தக் கம்பைலரிடம் விட்டிருக்கிறது, பெரும்பாலானவை குறி பிட்டையே நிரப்பும்.)

இந்த இரண்டு வரிக்கும் காப்புரிமை இருந்தது என்றால் நம்புவது கடினம். 2000 ஜூன் 6 அன்று அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பெயரில் இந்த முறைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆனால் டென்மார்க்கின் ஆக்னர் ஃபாக், பென்டியம் செயலிக்கு நிரலை வேகப்படுத்துவது பற்றி 1996-இல் வெளியிட்ட கையேட்டிலேயே இதே முறை இருந்ததாக ஸ்டான்ஃபோர்டின் ஷான் ஆண்டர்சன் தொகுத்த பிட் தந்திரப் பட்டியல் குறிப்பிடுகிறது.

இன்று இந்தத் தந்திரத்தைக் கையால் எழுதவேண்டிய தேவை இல்லை. எளிய வரியை எழுதினாலே கம்பைலர் அதை அடையாளம் கண்டு, கிளையில்லாத இரண்டு மூன்று கட்டளைகளாக மாற்றிவிடும். பென்டியம் III காலத்திலிருந்தே, எட்டு ஜோடி எண்களின் வித்தியாசங்களை மட்டு மதிப்பு எடுத்து ஒன்றாகக் கூட்டித்தரும் ஒரே கட்டளை வீடியோ வேலைக்கென்று இருக்கிறது. தந்திரத்தால் வேகம் கூடியது, ஆனால் ஆறு மணியின் சிக்கல் அப்படியே இருக்கிறது. முகமூடி முறையிலும் -2147483648 உள்ளே போனால் அதே எண்தான் வெளியே வரும்.

எதிர்த்திசையில் நடந்தால்

தீர்வு இல்லாமல் இல்லை. சி மொழியின் மூல நூலான கெர்னிகன், ரிட்சி புத்தகத்தின் 1988 பதிப்பில், மூன்றாம் அத்தியாயத்தின் நான்காம் பயிற்சி இதைப் பற்றியதுதான். எண்ணை எழுத்துகளாக மாற்றும் சின்ன நிரல் ஒன்றை முதலில் கொடுக்கிறார்கள். மைனஸ் எண் வந்தால் அது குறியை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கும். பிறகு, மிகப் பெரிய மைனஸ் எண்ணுக்கு இது ஏன் வேலை செய்யாது என்று விளக்கித் திருத்தச் சொல்கிறார்கள். மூல நூலை எழுதியவர்களே தங்கள் நிரலின் ஓட்டையைக் காட்டி, அடைத்துக் கொடு என்று மாணவரிடம் நீட்டுகிறார்கள்.

ஒரு வழி, எதிர்த்திசையில் நடப்பது. மைனஸைப் பிளஸ் ஆக்குவதற்குப் பதில் பிளஸை மைனஸ் ஆக்கு. மைனஸ் பக்கத்தில் ஓர் இருக்கை கூடுதலாக இருப்பதால் பிளஸ் எண் ஒவ்வொன்றுக்கும் அங்கே இடம் உண்டு. ‘எதிர் மட்டு மதிப்பு’ என்ற இந்தக் கணக்கு எந்த எண்ணுக்கும் தவறாது. கணக்கு முழுவதையும் மைனஸ் பக்கத்திலேயே நடத்திவிட்டுக் கடைசியில் எழுத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம்.

இரண்டாவது வழி, விடையைக் குறியில்லாத எண் வகையில் வாங்குவது. அந்த வகையில் மைனஸே கிடையாது, 0 முதல் 4294967295 வரை எல்லாம் பிளஸ். 2147483648 அதில் தாராளமாக அடங்கும். எண்ணை முதலில் அந்த வகைக்கு மாற்றி, பிறகு பூஜ்ஜியத்திலிருந்து கழிக்கவேண்டும். குறியில்லாத எண்கள் மீட்டரைப்போல உருண்டு சுற்றும் என்று சி மொழியே உறுதி கொடுத்திருப்பதால், வரையறுக்கப்படாதது எதுவும் இதில் இல்லை. வரிசை முக்கியம்: கழித்துவிட்டு வகையை மாற்றினால் பழைய குழியில்தான் விழுவோம். ரஸ்ட் மொழி இந்த வழிக்கென்று தனிச் செயற்கூறே வைத்திருக்கிறது. ஜாவா தன் 15-ஆம் பதிப்பில், அடங்காத எண் வந்தால் பிழை என்று கூவும் புதிய செயற்கூறைச் சேர்த்தது.

மூன்றாவது வழி, கணக்கை 64 பிட்டில் நடத்துவது. இரண்டு எண்களின் வித்தியாசம் வேண்டும்போது இது மிக அவசியம். 200 கோடிக்கும் மைனஸ் 200 கோடிக்கும் உள்ள தூரம் 400 கோடி. 32 பிட்டில் கழித்தால் அது உருண்டு -294967296 ஆகிவிடக்கூடும். ஏபிஎஸ் அதன் மைனஸை உதிர்த்து 29 கோடி என்று நம்பிக்கையோடு சொல்லும். பிழை ஏபிஎஸ்ஸிடம் இல்லை, அதற்கு முன்பே நடந்துவிட்டது. இதே காரணத்தால்தான் சி மொழியில் நீள எண்களுக்குத் தனி ஏபிஎஸ்ஸும் தசம எண்களுக்குத் தனி ஏபிஎஸ்ஸும் இருக்கின்றன. மைனஸ் 2.7-ஐ சாதாரண ஏபிஎஸ்ஸிடம் கொடுத்தால் தசமத்தை வெட்டிவிட்டு 2 என்று சொல்லும்.

ஆகவே ஏபிஎஸ்ஸை எழுதுமுன் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: இந்த எண் எங்கிருந்து வருகிறது? நீங்களே எண்ணிய மாணவர் எண்ணிக்கை என்றால் கவலை வேண்டாம். கோப்பிலிருந்தோ, வலையிலிருந்தோ, அளவுக் கருவியிலிருந்தோ வருகிறது என்றால், ஆறு மணி எண் என்றாவது ஒருநாள் வந்து கதவைத் தட்டும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

பிட்டுகளைக் கூட்டினால் இந்த எண் தூரமாகப் போகும், மறைந்துபோகாது. எட்டு பிட்டில் -128. பதினாறில் -32768. முப்பத்திரண்டில் -2147483648. அறுபத்து நான்கில் -9223372036854775808. ஒவ்வொரு அகலத்திலும் ஜோடியில்லாத எண் சரியாக ஒன்று.